பதிவேட்டிலிருந்து செயலிக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் வலைநுட்பம் வழிச் செயலிக் கல்வி

1. பொருளும் நோக்கமும்

கைப்பேசிச் செயலி உருவாக்கக் கற்பவருக்கு இருவகை அறிவு வேண்டும். கணிப்பொறி ஏற்கும் மொழியில் கட்டளைகளை ஒழுங்காக எழுதும் அறிவு ஒன்று. யாருடைய எந்த வேலைக்காக, எந்தக் கணக்கை, எந்த வரிசையில் எழுத வேண்டும் என்று தெளியும் அறிவு மற்றொன்று. முதலாவதைப் பாடநூல்களும் இணைய வகுப்புகளும் இன்று தாராளமாகத் தருகின்றன. இரண்டாவதை, ஒரு தொழிலின் பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, அதை அன்றாடம் எழுதுகிறவரோடு பேசிப் பழகியவரே பெறுகிறார்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி இவ்விரண்டாம் அறிவுக்குப் பஞ்சமில்லாத நிலம். நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகள், லாரிப் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு (போர்வெல்) தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், பள்ளிபாளையத்து விசைத்தறிகள், இளம்பிள்ளைச் சேலை வணிகம், ஆத்தூர், ராசிபுரம் வட்டாரங்களின் மரவள்ளித் தோட்டங்கள், சேலத்து ஜவ்வரிசி (சேகோ) ஆலைகள், செவ்வாய்ப்பேட்டை மண்டிகள் என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்குமுறையைப் பல தலைமுறை உழைப்பால் வளர்த்து வைத்திருக்கிறது.

இவ்வுரை நிறுவ முனையும் கருத்து ஒன்றே. வலைப்பக்கம் உருவாக்கப் பயன்படும் பொதுவான மொழிகளே ஒரு மாணவர் முதற்செயலியை எழுதப் போதுமானவை. அம்முதற்செயலிக்கான பாடம் அவருடைய ஊர்த்தொழிலின் பதிவேட்டிலேயே இருக்கிறது. பண்ணை, லாரி, போர்வெல், மரவள்ளி ஆகியவற்றின் கணக்குகளைச் சரியாகச் செயலியில் கொண்டுவர முயல்பவர், நிரலாக்கத்தின் அடிப்படைச் சிக்கல்கள் பெரும்பாலானவற்றை அந்த முயற்சியிலேயே சந்தித்துத் தீர்க்கக் கற்றுவிடுவார் என்பதைப் பின்வரும் பகுதிகள் ஒவ்வொன்றாகக் காட்டும்.

2. மேனிலைப் பள்ளியிலேயே கிடைக்கும் அடித்தளம்

தமிழ்நாட்டின் மேனிலைப் பாடத்திட்டம் 2018-19 கல்வியாண்டில் புதுப்பிக்கப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்பின் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. அடுத்த ஆண்டில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் வழங்கிக் கணிப்பொறியில் இயங்கும் பி.எச்.பி. மொழியும் தரவுத்தளம் பற்றிய பாடமும் சேர்ந்தன. இந்நூல்கள் தமிழ்வழியிலும் கிடைக்கின்றன. இப்பாடத்தைப் பெரும்பாலும் எடுப்பவர்கள் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படிக்கும் மாணவர்கள் என்பது இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. நாளேடு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றையும் வலைப்பக்கம் எழுதும் மொழிகளையும் ஒரே வகுப்பறையில் கற்றுக்கொண்டு வெளியே வருகிற மாணவர், பொறியியல் கல்லூரிக்குச் செல்லாதவராக இருந்தாலும், தொழிற்செயலி எழுதத் தேவையான இரண்டு பக்க அறிவுக்கும் விதை பெற்றவராகிறார். எனினும் அம்மாணவர் பின்னாளில் வேறு வேலைக்குச் சென்று, கற்ற மொழிகளைத் தேர்வோடு மறந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. கற்றதைப் பயன்படுத்தும் ஒரு முழு வேலை அவர் கைக்கு வராததே இதற்குக் காரணம்.

வகுப்பறைக்கு வெளியேயும் தமிழில் கற்க வழியிருக்கிறது. 2012-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதைச் சார்ந்த கணியம் அறக்கட்டளையும் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் வலைமொழிகளுக்கான நூல்களை விலையின்றி வழங்குகின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தமிழ் ஒலிப்பதிவுடன் மென்பொருள் பாடங்களை அளிக்கிறது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன்பயிற்சிகளைக் கொண்டு சேர்க்கிறது. ஆகவே பாடப்பொருள் போதாமை இன்று தடையன்று. கற்றதை எதில் செலுத்துவது என்னும் தெளிவே தேவைப்படுகிறது.

3. மூன்று மொழிகளும் அவை கைப்பேசிக்கு வந்த வழியும்

எச்.டி.எம்.எல். என்பது ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது பட்டியல், எது பயனர் நிரப்ப வேண்டிய கட்டம் என்று குறிக்கும் மொழி. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த வலை என்னும் திட்டத்திலிருந்து அது பிறந்தது. சி.எஸ்.எஸ். என்பது அப்பக்கத்தின் நிறம், எழுத்தளவு, இடைவெளி, திரைக்கேற்ற அமைப்பு ஆகியவற்றை வரையறுக்கும் மொழி. ஹோகோன் வியும் லீ 1994-இல் முன்மொழிந்த அது 1996-இல் தரநிலையாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் என்பது பயனர் ஒன்றைத் தொட்டால் என்ன நிகழ வேண்டும், எந்தக் கணக்கு நடக்க வேண்டும், எந்தத் தரவு எங்கே சேமிக்கப்பட வேண்டும் என்பதைக் கூறும் நிரல்மொழி. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995-இல் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார்.

ஐபோன் வெளிவந்த 2007-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியாருக்குக் காட்டிய வழி, வலைமொழிகளில் எழுதி உலாவியில் இயக்குவதே. ஓராண்டு கழிந்து 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறக்கப்பட்டது; அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன்பின் ஆண்ட்ராய்டுக்கு ஜாவாவிலும், ஐபோனுக்கு அப்ஜெக்டிவ்-சி மொழியிலும், பிற்காலத்தில் முறையே கோட்லினிலும் ஸ்விஃப்டிலும், ஒரே செயலியை இரண்டு முறை எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. பெரிய நிறுவனங்கள் இரு குழுக்களை வைத்து இதைச் சமாளித்தன. தனியொரு மாணவருக்கோ பத்துப் பேர் பணிபுரியும் ஊர் நிறுவனத்துக்கோ அது இயலாத செலவு. அச்செலவைக் குறைக்க எழுந்த முயற்சிகளே இன்று வலைநுட்பம் அறிந்தவருக்கு மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன.

முதல் வழி, வலைச்செயலியையே கைப்பேசியில் நிறுவத்தக்கதாக ஆக்குவது. 2015 முதல் முற்போக்கு வலைச்செயலி என்று வழங்கும் இம்முறையில், செயலியின் பெயரையும் சின்னத்தையும் கூறும் மேனிஃபெஸ்ட் என்ற சிறு கோப்பும், இணைப்பு இல்லாதபோதும் பக்கங்களை எடுத்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரலும் சாதாரண வலைத்தளத்தோடு சேர்க்கப்படுகின்றன. கைப்பேசி வலைத்தளத்தை மூடிச் செயலியை மட்டும் வைத்திருந்த ஃபிளிப்கார்ட், 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் இம்முறைக்குத் திரும்பியது, குறைந்த விலைக் கைப்பேசியும் நலிந்த இணைப்பும் உள்ள இந்தியச் சூழலில் இதன் பயனை எடுத்துக்காட்டிற்று.

இரண்டாம் வழி, வலைச்செயலியை ஒரு கூட்டுக்குள் வைத்து ஸ்டோருக்கு அனுப்புவது. ஆலையிலிருந்து எஞ்சினும் சேஸும் மட்டுமாக வந்து நிற்கும் வண்டிக்கு நாமக்கல் பட்டறைகள் வேண்டிய அளவில் பாடி கட்டித் தருவதைப் போல, கைப்பேசியோடு பேசும் பகுதியை ஓர் ஆயத்தக் கூடு கவனித்துக்கொள்ள, பயனர் காணும் பகுதி முழுவதையும் வலைமொழிகளில் எழுதிப் பொருத்தலாம். 2008-இல் தோன்றிய போன்கேப், அதன் வழிவந்த அப்பாச்சி கோர்டோவா, இன்று பரவலாக உள்ள கப்பாசிட்டர் ஆகியவை இவ்வகைக் கூடுகள். கேமரா, புளூடூத் போன்றவற்றை இக்கூடு திறந்து தருகிறது.

மூன்றாம் வழி, ஒரே மொழியில் எழுதி இருவகைக் கைப்பேசிகளுக்கும் உரிய திரைக்கூறுகளையே பெறுவது. ஃபேஸ்புக் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டு இதைச் செய்கிறது. 2018-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட கூகுளின் ஃபிளட்டர், டார்ட் என்ற வேறொரு மொழியைக் கற்கக் கோருகிறது.

தொடக்க மாணவருக்கு முதல் வழியே ஏற்றது. அதற்கு ஸ்டோர் கட்டணம் இல்லை. கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வைத்து, இணைப்பு முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பண்ணை மேற்பார்வையாளர் அன்றே பயன்படுத்தத் தொடங்கலாம். பிழை கண்டால் மாலைக்குள் திருத்தி வெளியிடலாம். திரை அணைந்திருக்கும்போதும் லாரியின் இருப்பிடத்தைத் தொடர்ந்து அறிவது, எடைமேடைக் கருவியோடு இணைவது போன்ற தேவை எழும்போது, எழுதியதைக் கைவிடாமலே இரண்டாம் வழிக்கு நகரலாம்.

4. பண்ணைப் பதிவேடு கற்பிக்கும் பாடம்

முட்டைக்கோழிப் பண்ணையின் நாள்பதிவேட்டில் நான்கு செய்திகள் தவறாமல் இருக்கும்: உயிருள்ள கோழிகள், அன்று இறந்தவை, போட்ட தீவனம், எடுத்த முட்டை. ஏறத்தாழ 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி 72 வாரத்தையும் தாண்டி வைக்கப்படும் ஒரு பேட்ச் முழுவதற்கும் இப்பதிவு தொடர்கிறது. 10,000 கோழிகள் உள்ள ஷெட்டில் 9,200 முட்டை கிடைத்தால் அன்றைய உற்பத்தி 92 விழுக்காடு. கோழிக்கு 110 கிராம் வீதம் தீவனச் செலவு 1,100 கிலோ. 30 முட்டை கொண்ட அட்டைகளாக அடுக்கினால் 306 அட்டையும் 20 முட்டை மிச்சமும் வரும். வகுத்தலில் ஈவையும் மீதியையும் தனித்தனியே பெறும் நிரல்கூறு மாணவருக்கு இந்த ஒரு வரியிலேயே விளங்கிவிடுகிறது.

இதில் உள்ள முதல் வடிவமைப்புப் பாடம், எதைச் சேமிப்பது, எதைக் கணித்துக் காட்டுவது என்ற பிரிவு. உயிருள்ள கோழிகளின் எண்ணிக்கையை நாள்தோறும் தனிக் கட்டத்தில் எழுதிச் சேமித்தால், மூன்று நாளுக்கு முந்தைய இறப்பு எண்ணைத் திருத்தும்போது அடுத்துள்ள எல்லா நாளும் தவறாகிவிடும். பேட்ச் வந்தபோது இருந்த எண்ணிக்கையையும் ஒவ்வொரு நாளின் இறப்பையும் மட்டும் சேமித்து, உயிருள்ளவற்றைக் கழித்துக் காட்டினால், ஒரு திருத்தம் எல்லா இடத்திலும் தானே பரவும். ஒரு செய்தியை ஒரே இடத்தில் மட்டும் வைக்க வேண்டும் என்று தரவுத்தள நூல்கள் கூறும் விதி, ஷெட்டில் எழுதும் கணக்கில் இவ்வாறு உயிர்பெறுகிறது.

இரண்டாம் பாடம் பணத்தைப் பற்றியது. 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, பண்ணையாளர் வழக்கில் 'நெக்', நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் முட்டை விலை பைசாக் கணக்கில் ஏறி இறங்குகிறது. வியாபாரி அவ்விலையிலிருந்து சில பைசாவைக் கழித்து 'மைனஸ்' விலையில் எடுப்பதும் உண்டு. இவ்விலையை ரூபாயில் தசமமாக வைத்துக் கணித்தால், ஜாவாஸ்கிரிப்டில் 4.35-ஐ 100-ஆல் பெருக்கும்போது 435 வராமல் 434.99999999999994 வரும். கணிப்பொறி எண்களை இரண்டின் அடுக்குகளால் ஆன பின்னங்களாக வைத்திருப்பதால் பல தசமங்களை அதனால் துல்லியமாகக் குறிக்க இயலாமையே இதற்குக் காரணம். விலையைப் பைசாவாக, முழு எண்ணாகச் சேமிப்பதே தீர்வு. எடுத்துக்காட்டாக, நெக் விலை 485 பைசா, மைனஸ் 35 பைசா என்று கொண்டால், 306 அட்டைக்குரிய 9,180 முட்டைக்கு 450 பைசா வீதம் 41,31,000 பைசா, அதாவது 41,310 ரூபாய். திரையில் காட்டும் கடைசி நிலையில் மட்டும் நூறால் வகுத்து, இந்திய முறையில் லட்சம், கோடிக்கு ஏற்பக் காற்புள்ளி இட்டுத் தரும் வசதியும் உலாவியிலேயே உள்ளது.

மூன்றாம் பாடம் தேதியைப் பற்றியது. பண்ணை வேலை விடியுமுன் தொடங்குவது. நிரல் எழுதுபவர் கவனிக்காமல், தேதியை உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிச் சேமிக்கும் கட்டளையைப் பயன்படுத்தினால், இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால், காலை ஐந்து மணிக்குப் பதிந்த இறப்பு முந்தைய நாளின் கணக்கில் விழும். பதினொரு மணிக்கு வகுப்பறையில் சோதித்தவருக்கு இப்பிழை ஒருநாளும் தென்படாது. விடியலில் பதிவேடு எழுதுகிறவரோடு பழகியவருக்கே தென்படும்.

5. போர்வெல் கட்டணமும் மரவள்ளிப் பாயிண்ட்டும்

திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்லும் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணற்றுக்கு அடிக்கணக்கில் வாங்கும் கட்டணம், ஆழம் கூடக்கூடப் படிப்படியாக உயர்வது. முதல் 300 அடிக்கு அடி ஒன்றுக்கு 100 ரூபாய், அடுத்த 100 அடிக்கு 110, அதற்கடுத்த 100 அடிக்கு 125 என்று ஒரு விளக்கத்துக்காகக் கொண்டால், 450 அடிக் கிணற்றுக்கு 30,000, 11,000, 6,250 எனக் கூடி 47,250 ரூபாய் ஆகும். இதைக் கற்பவர் முதலில் 'இத்தனை அடிக்கு மேல் போனால் இவ்வளவு' என்ற நிபந்தனை வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவார். டீசல் விலை உயர்ந்து கட்டணம் மாறும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடித் திருத்த நேரும். அப்போது, படிகளையும் கட்டணங்களையும் ஒரு பட்டியலாக வெளியே வைத்து, பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு சுழற்சியில் நடந்து கூட்டும் நிரலை எழுதும் முறையின் அருமை புரியும். மாறுகின்ற தரவை மாறாத நிரலிலிருந்து பிரிக்கும் இக்கொள்கை மென்பொருள் எழுதுதலின் முதன்மையான கொள்கைகளுள் ஒன்று. வருமான வரியும் மின்கட்டணமும் இதே வடிவில் உள்ளவை.

மரவள்ளிக் கிழங்கின் விலை, அதில் உள்ள மாவுச்சத்தைக் குறிக்கும் பாயிண்ட்டைக் கொண்டு அமைகிறது. பாயிண்ட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்றும் கிழங்கு 28 பாயிண்ட் என்றும் வைத்துக்கொண்டால், டன் 8,400 ரூபாய். கணக்கு எளிதாயினும் அதன் மூன்று உள்ளீடுகளான எடை, பாயிண்ட், அன்றைய விலை ஆகியவை வெவ்வேறு ஆட்களிடமிருந்து வருகின்றன: எடை எடைமேடைச் சீட்டிலிருந்து, பாயிண்ட் ஆலையின் சோதனையிலிருந்து, விலை சந்தையிலிருந்து. ஒவ்வொன்றும் யாரால், எப்போது பதியப்பட்டது என்பதையும் செயலி காட்டினால், விவசாயி தம் சீட்டைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். 1981-இல் அமைந்த சேலம் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஆலைகளின் ஜவ்வரிசியையும் மாவையும் ஒரே இடத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்து விலைக்கு ஓர் ஒழுங்கை உண்டாக்கியது. அதே ஒழுங்கை வயலோரம் வரை கொண்டுசெல்லும் சிறு கருவியாக இத்தகைய செயலி அமையக்கூடும்.

6. இணைப்பு இல்லாத இடமும் இரு கைப்பேசிகளும்

நாமக்கல் லாரியின் டிரிப் ஷீட்டில் அட்வான்ஸ், டீசல், டோல், பத்தா, ஏற்று இறக்குக் கூலி, வாடகை ஆகியவை வரிசையாகப் பதியப்படுகின்றன. ஓட்டுநர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் செலுத்தியதும் டீசல் பங்கில் யு.பி.ஐ. வழியே செலுத்தியதும் தனித்தனியே குறுஞ்செய்தியாக வருகின்றன. ரொக்கச் செலவு மட்டும் நினைவில் நிற்கிறது. காடும் மலையும் கடக்கும் சாலையில் சிக்னல் கிடைக்காத நேரத்திலும் அச்செலவை அங்கேயே பதிய முடிய வேண்டும். உலாவியிலேயே அமைந்த இண்டெக்ஸ்டு டிபி என்ற தரவுக்கிடங்கில் முதலில் சேமித்து, சிக்னல் வந்ததும் வழங்கிக்கு அனுப்பும் முறையை இதற்குப் பயன்படுத்த வேண்டும். கைப்பேசியில் இடம் நெருக்கடியானால் உலாவி இக்கிடங்கை அழித்துவிடக்கூடும் என்பதால், அதை நிரந்தரப் பேழையாகக் கருதாமல், இயன்றபோதெல்லாம் வழங்கிக்குப் படி அனுப்புவது கட்டாயம்.

சர்வீஸ் வொர்க்கரைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் ஒரு தடுமாற்றத்தைச் சந்திக்கின்றனர். அது பழைய பக்கங்களை நினைவில் வைத்திருப்பதால், செயலியைத் திருத்தி வெளியிட்ட பின்னும் பயனரின் கைப்பேசியில் பழைய பதிப்பே தொடரலாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சேமிப்பின் பெயரில் புதிய பதிப்பெண் இட்டு, பழையதை நீக்கி, புதிய பதிப்பு வந்திருப்பதைப் பயனருக்கு அறிவிப்பது ஒழுங்கான நடைமுறை.

இதைவிடக் கடினமான சிக்கல், ஒரே கணக்கை இருவர் மாற்றுவது. ஓட்டுநர் சாலையிலும் உரிமையாளர் அலுவலகத்திலும் ஒரே டிரிப்பின் டீசல் தொகையை இணைப்பின்றித் திருத்தினால், பின்னர் எது நிற்க வேண்டும் என்று கணிப்பொறிக்குத் தெரியாது. கடைசியாக வந்ததை ஏற்பது எளிதாயினும் ஒருவர் எழுதியது சுவடின்றி மறையும். கணக்குப்பதிவியல் இச்சிக்கலுக்கு நெடுங்காலம் முன்பே விடை கண்டிருக்கிறது: நாளேட்டில் எழுதியதை அடிக்கக்கூடாது, தவறிருந்தால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்ய வேண்டும். செயலியிலும் ஒவ்வொரு பதிவையும் தனி அடையாள எண்ணோடு சேர்த்துக்கொண்டே போய், திருத்தத்தையும் புதிய பதிவாக்கி, மொத்தத்தைக் கூட்டிக் காட்டினால், இரு கைப்பேசிகளின் பதிவுகளை ஒன்றுசேர்ப்பது இரண்டு பட்டியல்களை இணைப்பதாகச் சுருங்கிவிடும். வணிகவியல் படித்த மாணவர் இவ்விடத்தில் கணிப்பொறி அறிவியல் மட்டும் படித்தவரைவிட முன்னே நிற்கிறார்.

7. தமிழ் எழுத்து கோரும் கவனம்

யூனிகோடு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு இடம் தந்தது. முரசு அஞ்சல், செல்லினம் ஆகியவற்றை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பால் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தமிழ் உள்ளீடு வளர்ந்தது. இவ்வளவு அமைந்த பின்னும், செயலி எழுதுபவர் தமிழின் இயல்பை அறியாவிட்டால் பிழை நேர்கிறது.

'நாமக்கல்' என்ற பெயரில் ஐந்து எழுத்துகள் உள்ளன. ஆனால் துணைக்காலும் புள்ளிகளும் தனிக் குறிகளாகச் சேமிக்கப்படுவதால் ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை எட்டு என்று சொல்லும். பெயரை ஏழாம் குறியோடு வெட்டிச் சிறு கட்டத்தில் காட்டும் நிரல், சொல்லை எழுத்தின் நடுவே அறுத்துவிடக்கூடும். எழுத்துக் கூறுகளைச் சரியாகப் பிரித்துத் தரும் கருவி இன்றைய உலாவிகளில் உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும்.

அகரவரிசையும் அவ்வாறே. யூனிகோடு எண்வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து வைக்கப்பட்டுள்ளதால், வெறும் எண்ணால் வரிசைப்படுத்தினால் 'வனவாசி' முன்னும் 'வளையப்பட்டி' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய்யாதலால் வளையப்பட்டியே முதலில் வர வேண்டும். தமிழ் வரிசை என்று குறிப்பிட்டு வரிசைப்படுத்தும் கட்டளையைத் தந்தால் உலாவி இதைத் திருத்திக்கொள்ளும். ஊர்ப்பெயர்ப் பட்டியலில் தம் ஊரைத் தேடுபவர் எதிர்பார்க்கும் இடத்தில் அது இருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

தோற்ற அமைப்பிலும் தமிழுக்கு இடம் தாராளமாக வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. மேலும் கீழும் நீளும் குறிகளுக்காக வரி இடைவெளியும் கூட வேண்டும். கோழி ஷெட்டில் ஈரக் கையோடு, வெயிலில் திரையைப் பார்க்கும் பணியாளருக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே தெளிந்த நிறவேறுபாடும், விரல் தவறாமல் தொடும் அளவில் பொத்தானும் தேவை. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் இதற்கு 48 அலகு அகலமும் உயரமும் பரிந்துரைக்கிறது. எண் மட்டும் நிரப்ப வேண்டிய கட்டத்தைத் தொட்டால் எண்விசைகள் மட்டுமே தோன்றுமாறு எச்.டி.எம்.எல்.லில் ஒரே குறிப்பால் அமைக்கலாம். இச்சிறு கவனம் நாளுக்கு எத்தனையோ தவறுகளைத் தடுக்கும்.

8. வெளியீடும் பொறுப்பும்

பயன்பாட்டில் நிலைபெற்ற செயலியைப் பிளே ஸ்டோரில் வைக்க விரும்புபவர், ஒருமுறை 25 டாலர் செலுத்திக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஆப்பிளின் கட்டணம் ஆண்டுக்கு 99 டாலர். 2023 நவம்பருக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, குறைந்தது 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்திருக்க வேண்டும் என்ற விதியும் பிளே ஸ்டோரில் உள்ளது. தொடக்கத்தில் 20 பேர் என்றிருந்தது பின்னர்க் குறைக்கப்பட்டது. தன் ஊரில் உண்மையான பயனர்களைப் பெற்ற மாணவருக்கு இவ்விதி சுமையாகாது.

அதைவிடப் பெரிய பொறுப்பு தரவைப் பற்றியது. பண்ணையின் உற்பத்தியும் லாரியின் வாடகையும் தொழில் இரகசியங்கள். ஓட்டுநரின் கைப்பேசி எண்ணும் இருப்பிடமும் 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. வேலைக்குத் தேவையில்லாத அனுமதியைக் கேட்காதிருப்பது, எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைத் தமிழில் எளிமையாகச் சொல்வது, கடவுச்சொற்களையும் இரகசியச் சாவிகளையும் பயனரின் உலாவிக்கு அனுப்பும் நிரலுக்குள் வைக்காதிருப்பது, கைப்பேசியில் சரிபார்த்ததை வழங்கியிலும் மீண்டும் சரிபார்ப்பது ஆகியவை தொடக்கம் முதலே பழக வேண்டிய ஒழுக்கங்கள். நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ள இக்காலத்தில் இவ்வொழுக்கம் இன்னும் முதன்மை பெறுகிறது. அக்கருவி தந்த நிரல் சரியா என்பதை, ஒரு மாதத்துப் பழைய பேரேட்டைச் செயலியில் ஏற்றி, இரண்டின் மொத்தமும் பைசா பிசகாமல் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

9. கற்கும் வரிசையும் நிறுவனங்களின் கடமையும்

மேற்கூறியவற்றிலிருந்து கற்கும் வரிசை ஒன்று தெளிவாகிறது. முதலில் ஒரு தொழிலிடத்தின் பதிவேட்டைப் படித்து, அதன் கட்டங்களைத் தாளில் வரைதல். அடுத்து அவற்றை எச்.டி.எம்.எல். படிவமாக்குதல், அதன்பின் சி.எஸ்.எஸ். கொண்டு கைப்பேசித் திரைக்கும் தமிழுக்கும் ஏற்ப அமைத்தல். பிறகு ஜாவாஸ்கிரிப்டில் கணக்கையும் சேமிப்பையும் எழுதுதல். மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவியைப் பழகுதல். இணைப்பின்றி இயங்கச் செய்தல். இறுதியில், தேவையிருந்தால் மட்டும், வழங்கியும் ஸ்டோரும். ரியாக்ட் போன்ற சட்டகங்கள் இவ்வரிசையில் பின்னரே வர வேண்டும். அவை எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தனவோ அச்சிக்கலைத் தானே சந்தித்தவருக்கே அவற்றின் பயன் விளங்கும்.

தமிழ்நாடு அரசு 2018-இல் உழவன் செயலியை வெளியிட்டு, மானியமும் சந்தை விலையும் வானிலையும் உழவரின் கைக்கு வரும் வழியைக் காட்டியது. மாநிலம் முழுமைக்குமான அத்தகைய செயலி ஓர் ஊரின் தொழிலுக்கு மட்டும் உரிய நுண்கணக்குகளைத் தாங்க இயலாது. அவ்விடத்தை நிரப்புவது அவ்வூர் மாணவர்களால் ஆகக்கூடிய பணி. 1966-இல் தொடங்கிய சேலம் அரசு பொறியியல் கல்லூரி, 1997-இல் அமைந்த பெரியார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பாலிடெக்னிக்குகள் ஆகியவை இதற்குரிய களங்கள். கால்நடை மருத்துவ மாணவரும் கணினி மாணவரும் இணைந்து ஒரு பேட்ச்சின் பதிவேட்டைச் செயலியாக்கினால் இருவருமே மற்றவரின் துறையைக் கற்பர். முட்டைக்கோழிப் பண்ணையாளர் சங்கமும் லாரி உரிமையாளர் சங்கமும் ரிக் உரிமையாளர் சங்கமும், பெயர்களை மறைத்த பழைய பதிவேடுகளை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பயிற்சிக்குத் தந்தால், அச்சங்கங்களின் தொழில்களுக்கே உரிய கருவிகள் அவர்கள் வாசலிலேயே உருவாகும்.

சேலத்தில் 2024-இல் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டிருப்பது, மென்பொருள் வேலைக்காக பெங்களூரையும் சென்னையையும் மட்டுமே நம்பியிருந்த இளைஞர்களுக்கு ஊரருகே ஒரு வாய்ப்பைத் தருகிறது. கட்டடம் தரும் வாய்ப்பு நிலைப்பது, இவ்வட்டாரத்தின் தொழிலறிவைப் பெற்ற நிரலாளர்கள் இங்கே பெருகுவதைப் பொறுத்தது. ஆகவே கல்லூரிகளின் இறுதியாண்டுத் திட்டப்பணி, பிறர் எழுதிய நூலக மேலாண்மை நிரலைப் பெயர்மாற்றித் தருவதாக இனியும் இருத்தலாகாது. ஒவ்வொரு மாணவரும் தம் ஊரின் ஒரு பண்ணைக்கோ, ஒரு லாரிக்கோ, ஒரு தறிக்கூடத்துக்கோ செயலி எழுத வேண்டும். ஒரு பருவம் முழுவதும் அத்தொழிலைச் செய்பவர் தம் கணக்கை அதில் நம்பி எழுதினார், பருவமுடிவில் அவருடைய பேரேடும் செயலியும் ஒத்துநின்றன என்பதே அம்மாணவரின் தேர்ச்சிக்குச் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும்.